கடைசிப் பேருந்தும் ஆய்வகமும்

அன்புள்ள ஐயா,

நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டே ஸ்காலர், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஆய்வுத் திட்டத்தில் சேரட்டுமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். "சாயந்திரம் தங்க முடியாதவர்களுக்கு ஆராய்ச்சி ஒத்துவராது" என்றார். அவர் சொல்வது சரிதானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

பாதிதான் சரி. உங்கள் துறையையே எடுத்துக்கொள்வோம். மாலை நாலரைக்கு ஈ.கோலை பாக்டீரியாவை வளர்ப்புத் தட்டில் பரப்பி 37 டிகிரியில் வைத்துவிட்டுப் போனால், காலையில் வந்து வளர்ந்திருக்கும் புள்ளிகளை எண்ணலாம். ராத்திரி முழுக்க உழைப்பது பாக்டீரியா, நீங்கள் அல்ல. டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆரையும் போட்டுவிட்டுக் கிளம்பலாம். சுற்றுகள் முடிந்ததும் 4 டிகிரியில் நிற்கும்படி அமைத்துவிட்டால் போதும். டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தில் ஓடவிட்டுப் பிரிக்கும் ஜெல்லுக்குத்தான் ஆள் பக்கத்தில் வேண்டும், மறந்தால் டிஎன்ஏ ஜெல்லைத் தாண்டி ஓடிவிடும். அதை மதியத்துக்கு வையுங்கள். பாக்டீரியா பெருகுவதை விட்டுவிட்டு அளந்து வரையும் வளர்ச்சி வளைகோடு போன்றவை நாள் முழுக்க ஆளைக் கட்டிப்போடும். அங்கே ஒரு கூட்டாளி இல்லாமல் முடியாது. பேராசிரியர் சொன்னதில் சரியான பாதி அது.

ஆய்வையே பாடவேளைக்குள் கொண்டுவந்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் 2008 முதல் நடக்கும் சீ-ஃபேஜஸ் திட்டம் அப்படிப்பட்டது. முதலாண்டு மாணவர்களே மண் கொண்டுவந்து, அதிலிருந்து பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களைப் பிரித்தெடுக்கிறார்கள். இதே மாதிரியான தேடலில், 2010இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து எடுத்த வைரஸுக்கு 'மடி' (Muddy) என்று பெயர். லண்டனில் மருந்துக்கு அடங்காத தொற்றோடு கிடந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கொடுத்த மூன்று வைரஸ்களில் அதுவும் ஒன்று; 2019இல் அந்தச் சிகிச்சை பற்றிய கட்டுரை வெளியானது. விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தோட்டத்து மண்ணைத்தான் அள்ளிவருவார்கள். பத்து டே ஸ்காலர் வந்தால் பத்து ஊர் மண் வரும். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம், நானும் டே ஸ்காலர்தான்.

எனக்கு அப்போது கிடைக்காமல் போனது சோதனை அல்ல, அதற்குப் பிறகு நடந்த பேச்சு. ஜெல்லில் ஏன் டிஎன்ஏ பட்டை தெரியவில்லை, எந்தக் கரைசல் கெட்டுப்போனது என்பதெல்லாம் ஆறு மணி டீயில்தான் முடிவாகும். நான் அப்போது பேருந்தில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பேன். மறுநாள் அதே கெட்ட கரைசலோடு ஆரம்பிப்பேன்.

அதனால் மறுபடி போய்க் கேளுங்கள், வெறுங்கையோடு வேண்டாம். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்புறம், வாராந்திரக் குழுக் கூட்டத்தை மதியத்துக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.