சோற்றுக் கோப்பையில் எங்கே கை வைப்பது? கொழும்புக் குசினிக் கேள்விகளும் பதில்களும்

வீட்டுச் சாப்பாட்டைக் கொஞ்சம் ஆரோக்கியமாக மாற்றிப் பார்க்க வெளிக்கிட்டவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் சமையலும் உணவுச் சத்தும் நன்றாகத் தெரிந்த ஒரு அக்கா. சீனி வருத்தம், பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இங்குள்ள அளவுகளை உங்கள் கிளினிக்கில் ஒருதரம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை, தனியாக இருக்கும் தம்பி: அக்கா, அனெக்ஸில இருக்கிறன். ஒரு ரைஸ் குக்கர், ஒரு கேஸ் அடுப்பு, சின்ன பிரிட்ஜ். வேலை முடிஞ்சு வர ஏழரை ஆகிடும். காலம பணிஸ், பின்னேரம் ரோல்ஸ், ராவைக்குக் கொத்து. எதிலயிருந்து தொடங்கிறது?

ராச்சாப்பாட்டில இருந்து தொடங்குங்கோ தம்பி. காலைச் சாப்பாட்டில முதல் கை வைத்தால், பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்தில் மூன்றாம் நாளே பழையபடி பணிஸ்தான்.

சனி இரவு 250 கிராம் கௌபி ஊறப்போடுங்கோ. ஞாயிறு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் முக்கால் மணித்தியாலம் அவிக்க வேண்டும். உப்பைக் கடைசியில் போட்டால் போதும். நான்காகப் பிரித்து இரண்டை பிரிட்ஜிலும் இரண்டை பிரீஸரிலும் வையுங்கோ. ஒரு தேங்காயைத் துருவி, ஒரு கைப்பிடி ஒரு பையாகத் தட்டையாக அமர்த்தி பிரீஸரில் அடுக்கிவிடுங்கோ. உருண்டையாக வைத்தால் கல்லாகிவிடும், தட்டையாக வைத்தால் வேண்டிய அளவை உடைத்து எடுக்கலாம். போஞ்சி, கரட், கோவா மூன்றையும் வெட்டி ஈரமில்லாமல் டப்பாவில் வைக்கலாம். கீரையை மட்டும் முன்கூட்டி வெட்டாதேங்கோ.

மற்ற நாட்களில் வேலை இவ்வளவுதான்: ரைஸ் குக்கரில் அரிசி, மேலே ஸ்ரீம் தட்டில் மரக்கறி, பக்கத்தில் கழுவிய இரண்டு முட்டை. சோறு கொதிக்கத் தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் முட்டை இறுகிவிடும். அந்த நேரம் அடுப்பில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கௌபியைப் போட்டுப் பிரட்டி, ஒரு பிடி தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கோ. கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி கௌபியும் முட்டையும். சோற்றை ஒரு தேத்தண்ணிக் கப்பால் அளந்து போடுங்கோ. கண்ணளவை நம்பினால் இரண்டு மடங்கு விழும்.

ரோல்ஸை உடனே விடச் சொல்லமாட்டன். பின்னேரப் பசியை ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி கச்சானும் தாங்கும். அதற்குப் பிறகும் ரோல்ஸ் வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்துங்கோ.

மட்டக்குளி, இரண்டு பிள்ளைகளின் தாய்: சிவப்பரிசிச் சோறு வச்சா பிள்ளையள் தொடுறதே இல்ல அக்கா. நடுவில விறைச்ச மாதிரி இருக்கு. வெள்ளையரிசி அளவில தான் தண்ணி விடுறன்.

அதுதான் பிழை. சிவப்பரிசியின் தவிட்டுத் தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக நேரம் எடுக்கும். இரண்டு தரம் மட்டும் கழுவுங்கோ, அதற்கு மேல் கழுவினால் சத்தும் சேர்ந்து போகும். முக்கால் மணித்தியாலம் ஊற விட்டு, ஒரு கப் அரிசிக்கு இரண்டேகால் கப் தண்ணீர் விடுங்கோ. சுவிட்ச் மேலே வந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் மூடியைத் திறக்காதேங்கோ. வெளியே வெடித்து உள்ளே விறைப்பாக இருந்தால் ஊறல் போதவில்லை. முழுக்கக் குழைந்தால் அடுத்த தரம் கால் கப் தண்ணீரைக் குறையுங்கோ.

பிள்ளைகளுக்கு முதல் கிழமை மூன்று பங்கு வெள்ளையும் ஒரு பங்கு சிவப்பும். சிவப்பை ஊறவிடாமல் இரண்டையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றினால் வெள்ளை குழையும், சிவப்பு வேகாது. சிவப்பை முதலே ஊறவிட்டு, அடுப்பில் வைக்கும்போது வெள்ளையைச் சேருங்கோ. கடையில் வாங்கும்போது மணியைப் பாருங்கோ. அங்கொன்று இங்கொன்றாகச் சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தால் தவிட்டைத் தீட்டித் தள்ளிய அரிசி, அதற்கு மேலதிக காசு கொடுக்கத் தேவையில்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் வைத்திருக்கச் சிக்குமணம் வரும், வண்டும் கெதியாக வரும். இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதேங்கோ.

கொட்டாஞ்சேனை: அப்பாவுக்குச் சீனி வருத்தம். குரக்கன் புட்டு அவிச்சா கட்டி கட்டியா வருது, ஆறினா கல்லு. இன்னொண்டு, குரக்கன் எண்டா எவ்வளவு சாப்பிட்டாலும் பரவாயில்லையா?

புட்டை முதல் பார்ப்போம். குரக்கனில் கோதுமையில் இருக்கும் இழுவைப் பசை கிடையாது. தண்ணீரைக் கூட விட்டால் களியாகும், களி ஆறினால் கல்லாகும். இரண்டு கப் குரக்கன் மாவைச் சின்ன நெருப்பில் ஐந்து நிமிடம் வறுங்கோ. பச்சை மணம் போனால் போதும், நிறம் மாறக்கூடாது. அதோடு வறுத்த அரிசி மா ஒரு கப், உப்பு. கொதித்து இறக்கி ஒரு நிமிடம் விட்ட தண்ணீரைக் கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கோ. முக்கால் கப்பில் இருந்து ஒரு கப் வரை பிடிக்கும், மாவின் காய்ச்சலைப் பொறுத்தது. பிறகு பேணி விளிம்பால் கொத்துங்கோ. கொத்தக் கொத்தப் பெரிய கட்டிகள் உடைந்து மிளகு அளவுக்கு வரும். ஒரு பிடி எடுத்துப் பொத்தினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். அரைக் கப் தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் அமர்த்தாமல் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவியுங்கோ. கையால் அழுத்தி நிரப்பினால் ஆவி ஏறாது, நடுவில் மா மாவாகவே கிடக்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: இல்லை. குரக்கனிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் அளவில் மாச்சத்துத்தான், அரிசிக்குக் கிட்ட. நார்ச்சத்தும் கல்சியமும் கூட என்பது உண்மை, கல்சியம் நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் "சீனிக்கு நல்லது" என்று மூன்று நீத்துப்பெட்டி புட்டைச் சீனியும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்தால் அடுத்த நாள் இரத்தப் பரிசோதனைச் சிட்டையில் தெரியும். அப்பாவுக்கு ஒரு கப் புட்டு, கூடவே மீன் குழம்போ பருப்போ, ஒரு கப் கீரைச் சுண்டல். அவர் மருந்து எடுப்பவர் என்றால் பாகற்காய்ச் சாற்றையும் டொக்டரைக் கேட்காமல் தொடங்காதேங்கோ, சீனி திடீரென்று கீழே இறங்கலாம்.

தெஹிவளை, அலுவலக வேலை: ஒரு நாளைக்கு நாலு பால் தேத்தண்ணி, ஒவ்வொண்டுக்கும் மூண்டு கரண்டி சீனி. விடவே ஏலாது. பனங்கட்டிக்கு மாறட்டா?

பனங்கட்டியும் சீனிதான், கித்துளும் சீனிதான். நீங்கள் குடிக்கிற கணக்குப் பன்னிரண்டு தேக்கரண்டி, ஐம்பது கிராம் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்கிற அளவு ஏறக்குறைய இருபத்தைந்து கிராம், அதுவும் நாள் முழுக்க எல்லாவற்றிலும் சேர்த்து. ஒரேயடியாக விடாமல் கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கோ. நாக்கு பழகும். நான்கில் ஒன்றை இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயாக மாற்றுங்கோ.

போத்தல் பானங்களில் 2016 முதல் ஒட்டுகிற நிற வட்டத்தையும் பாருங்கோ. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. செம்மஞ்சள்தானே என்று 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்தால், அதில் 10 கிராம் அளவு இருந்தால், நாற்பது கிராம் உள்ளே போகும்.

பம்பலப்பிட்டி: வல்லாரைச் சம்பல் அரைமணித்தியாலத்தில கறுத்து, கசந்து, தண்ணி விடுது. மண்ணும் கடிபடுது.

வல்லாரை ஈரநிலத்தில் படர்கிற செடி, சேறு தண்டடியில் ஒட்டியிருக்கும். வெட்ட முதலே கழுவ வேண்டும். பெரிய பேசினில் முக்கி அலசி, கீரையைத் தண்ணீரில் இருந்து மேலே தூக்கி எடுங்கோ. தண்ணீரை வடித்து ஊற்றினால் அடியில் படிந்த மண் திரும்பவும் கீரையிலேயே விழும். இப்படி மூன்று நான்கு தண்ணீர்.

இரண்டு பிடிக் கீரைக்கு ஐந்தாறு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, விரும்பினால் ஒரு தேக்கரண்டி மாசித்தூள். மயிர் போல மெல்லியதாக, கூரான கத்தியால் ஒரே வெட்டாக அரியுங்கோ. மழுங்கிய கத்தியால் திரும்பத் திரும்பக் கொத்தினால் இலை நசிந்து கசக்கும். உப்பும் தேசிக்காய்ப் புளியும் சாப்பிட உட்காரும்போது மட்டும். உப்பு தண்ணீரை இழுக்கிறது, புளி பச்சை நிறத்தைக் கொல்லுகிறது. அதற்காகத் தேசிக்காயைத் தவிர்க்காதேங்கோ, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். தேத்தண்ணி அதற்கு நேரெதிர், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கோ. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பச்சையாகக் கொடுக்காமல் இரண்டு நிமிடம் சுண்டிக் கொடுப்பது பாதுகாப்பு.

இலைக்கஞ்சி கறுக்கிறது என்று கேட்டவர்களுக்கும் இதிலேயே பதில்: அரைத்து வடித்த கீரைச் சாற்றைக் கடைசியில் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கொதிக்கவிடுங்கோ, மூடி போடாமல்.

கிருலப்பனை: யாரோ சொல்லி, விடிய வெறுவயித்தில காமரங்காய் யூஸ் குடிக்கிறம். கொலஸ்ட்ரோலுக்கு நல்லதாம்.

இன்றைக்கே நிறுத்துங்கோ. காமரங்காயில் ஒக்சலேற் என்கிற பொருள் மிக அதிகம். வெறுவயிற்றில் சாறாக நிறையக் குடித்தால் அது சிறுநீரகத்தில் படிந்து, நல்ல சிறுநீரகமே திடீரெனச் செயலிழக்கலாம். பிலிங்காய்ச் சாறும் இதே ஆபத்துத்தான். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் காமரங்காயை ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது. அதிலுள்ள ஒரு நஞ்சைப் பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விக்கல் நிற்காமல் வரும், மயக்கம், வலிப்பு வரை போகும். ஏற்கெனவே குடித்து விக்கல், வாந்தி, சிறுநீர் குறைவு இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கோ.

மருதானை: ராத்தா, எங்கட வீட்டில எல்லாத்துக்கும் தேங்காப்பால். டொக்டர் கொழுப்பைக் கொறைக்கச் சொல்றார். முழுசா நிப்பாட்டணுமா?

வேண்டாம் தங்கச்சி. ஒரு நேரச் சாப்பாட்டில் தேங்காய் ஒரு இடத்தில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கோ. சம்பல் இருந்தால் மீனைப் பால் விடாமல் கொறுக்காயோ தக்காளியோ போட்டு வையுங்கோ. பால் கறி இருந்தால் சம்பலுக்குப் பதிலாக வெங்காயம், தக்காளி, தேசிக்காய். தடித்த முதற்பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. இரண்டாம், மூன்றாம் பாலில் கறியை வேகவைத்து, இறக்கும்போது நாலு பேர் கறிக்குக் கால் கப் முதற்பால் விட்டால் மணம் முழுக்க மேலே நிற்கும். குழம்பு தண்ணியாகத் தெரிந்தால் அவித்த மைசூர்ப் பருப்பு ஒரு அகப்பை மசித்துச் சேருங்கோ. கத்தரிக்காய்ப் பொரியல்தான் எண்ணெயைக் குடிக்கிற பெரிய கள்ளன். துண்டுகளில் உப்புப் பிரட்டி இருபது நிமிடம் விட்டுப் பிழிந்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மூடி வதக்கினாலே மோஜு வைக்கலாம்.

ஹவ்லொக் டவுன்: பிரஷருக்கு உப்பைக் குறைச்சிட்டம் எண்டு நினைக்கிறம். சரியா எண்டு எப்பிடித் தெரியும்?

பக்கெற்றை வைத்துக் கணக்குப் பாருங்கோ. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். நாலு பேருக்கு இருபது கிராம். 400 கிராம் உப்புப் பக்கெற் இருபது நாளுக்கு முதல் முடிந்தால் கூடத்தான். அதற்குப் பிந்தி முடிந்தாலும் கருவாடு, அச்சாறு, சோயா சோஸ், சூப் கட்டி, நூடில்ஸ் பொடி எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. சோற்றுக்கு உப்புப் போடுவதை முதலில் நிறுத்துங்கோ, ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டினம். கருவாட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைமணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி இன்னொரு அரைமணித்தியாலம் விட்டு, கறிக்கு உப்பில்லாமல் சமையுங்கோ. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக வருத்தக்காரரும் சில பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் டொக்டரைக் கேட்காமல் பாவிக்கக்கூடாது.

வெள்ளவத்தை: முளைகட்டின பயறு நாறுது. மத்தியானப் பாசலும் பன்னிரண்டு மணிக்கே புளிக்குது.

இரண்டுக்கும் காரணம் கொழும்பின் சூடும் ஈரமும். பயறை எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊறவிடாதேங்கோ. நன்றாக வடித்து, சல்லடையில் மெல்லிய துணி விரித்துப் பரப்புங்கோ, கீழே தண்ணீர் தேங்கக்கூடாது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் கழுவி வடித்தால் ஒரு நாளுக்குள் முளை வந்துவிடும். இறுக்கி முடிச்சுப் போட்டால் நடுவில் வெந்து நாறும். பச்சையாகச் சாப்பிடாமல் ஆறேழு நிமிடம் ஆவியில் அவியுங்கோ.

பாசல் புளிக்கிறது பெரும்பாலும் சூட்டோடு கட்டுவதால்தான். சோற்றைத் தட்டில் பரப்பி ஆவி அடங்கிய பின் கட்டுங்கோ. பச்சைத் தேங்காய்ச் சம்பலும் தேங்காய்ப்பால் கறியும் பாசலுக்கு வேண்டாம், வறை, பருப்புத் துவட்டல், புளி விட்ட மீன் தாங்கும். இரவு மிஞ்சிய சோற்றை ரைஸ் குக்கரில் அணைத்துவிட்டுப் படுக்காதேங்கோ. அதில் வளரும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. தட்டையான டப்பாவில் ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குப் போக வேண்டும், அடுத்த நாள் ஆவி பறக்கச் சூடாக்கி ஒருதரம் மட்டும் சாப்பிடுங்கோ.

கொச்சிக்கடை, 62 வயது: நடக்கச் சொல்லினம் பிள்ளை. காலி முகத்திடலுக்குப் போய்த்தான் நடக்கவேணுமா?

தேவையில்லை ஐயா. ராச்சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் உங்கள் ஒழுங்கையிலேயே நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறையும். விடிய இன்னொரு பதினைந்து நிமிடம். கிழமையில் ஐந்து நாள் செய்தால் 150 நிமிடம் ஆகிவிடும். பேசலாம், ஆனால் பாட ஏலாது என்கிற வேகம் போதும். மழைக்காலத்தில் மாடி விறாந்தையில் நடக்கலாம். இன்சுலின் போடுபவர் என்றால், சீனி திடீரென்று இறங்கினால் சாப்பிட, சட்டைப் பையில் நாலு டொபி வைத்திருங்கோ. செருப்போடு நடக்காமல் பின்பக்கம் மூடிய சப்பாத்துப் போடுங்கோ, திரும்பி வந்ததும் பாதத்தில் கொப்புளம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கோ.