பத்தடி அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: எங்களுடையது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. முன்னறை 10 அடிக்கு 12 அடி, சீமெந்துச் சுவர், ஓட்டுக்கூரை. கனடாவில் இருக்கிற தம்பி "அண்ணை, காசைப் பார்க்காமல் நிலத்தில் நிற்கிற டவர் ஸ்பீக்கர் ஒரு சோடி எடுங்கோ" என்கிறான். கடைக்காரரோ தாங்கியில் வைக்கிற சின்ன புக்செல்ஃப் ஸ்பீக்கர் போதும் என்கிறார். நாங்கள் கேட்பது பழைய பாட்டு, நாதஸ்வரக் கச்சேரி, இரவில் ஒரு படம். யார் சொல்வதைக் கேட்க?
— வாசகர், பரந்தன்

பதில்: விலை குறைந்ததை எடுங்கள் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் கேட்டுவிடுங்கள், அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

தம்பி அங்கத்தைய வீட்டை மனதில் வைத்துச் சொல்கிறார். அங்கே பலகைச் சுவர், அது கொஞ்சம் அதிர்ந்து பேஸை, அதாவது தடித்த அடிச்சத்தத்தை, விழுங்கிவிடும். உங்கள் சீமெந்துச் சுவர் அப்படியே திருப்பி அடிக்கும். அதிலும் 10 அடி, 12 அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்கள் நின்றால் 56 ஹேர்ட்ஸ், 47 ஹேர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையச் சத்தம் தடிக்கும்) பக்கத்துச் சத்தங்கள் அறைக்குள்ளேயே பொருமும், சுவரோரக் கதிரையில் இருப்பவருக்கு இடி மாதிரி, நடுவில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லை. நல்ல டவர் 40 ஹேர்ட்ஸ் வரை இறங்கும், அதாவது அந்தப் பொருமலை முழுதாகக் கிளப்பிவிடும். ஆறரை அங்குல ஊஃபர் (பேஸ் கொடுக்கிற கூம்பு) உள்ள புக்செல்ஃப் 50, 55லேயே அடங்கத் தொடங்கும். ஆண்குரல் ஏறக்குறைய 85க்கு மேலேதான், அதற்குக் கீழே போவது பேஸ் கிட்டார் மாதிரிச் சிலதுதான், அதன் அடித்தந்தி 41. நீங்கள் கேட்கிற பாட்டுக்கு இழப்பு கொஞ்சம்தான். ஒரே கொம்பனியின் ஒரே வரிசையில் டவரிலும் புக்செல்ஃபிலும் மெல்லிய உயர்சத்தம் கொடுக்கிற ட்வீட்டர் பெரும்பாலும் ஒன்றேதான் இருக்கும், டவருக்குக் கூடக் கொடுக்கிற காசு பெரிய பெட்டிக்கும் கூடுதல் ஊஃபருக்கும்.

டவர் சத்தம் கூடப் போடும் என்பது உண்மை. அதே வாட்டுக்கு 3 டெசிபெல் (சத்த அளவு) கூட வந்தால் அம்ப்ளிஃபையருக்குப் பாதி வேலைதான். ஆனால் இந்த அறைக்கு 40, 50 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு) தாராளம். பெட்டியில் 2000 வாட் பி.எம்.பி.ஓ. (ஒரு கண உச்சத்தை ஊதிக்காட்டும் கணக்கு) என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மிச்சக் காசில் தாங்கி செய்யுங்கள். அலுமாரிக்குள் திணித்தால் குரல் அடைக்கும். இருந்து கேட்கும்போது ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரவேண்டும், தச்சரிடம் முதிரையில் இரண்டு செய்வித்தால் அசையாது. பிறகும் படத்துக்கு அதிர்வு போதாது என்று பிள்ளைகள் சொன்னால் பேஸுக்கு மட்டுமான சப்வூஃபர் ஒன்று எடுத்து, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள சத்தத்தை அதற்குப் பிரித்துவிடுங்கள், அதை எந்த மூலைக்கும் நகர்த்திப் பார்க்கலாம்.

விறாந்தையோடு சேர்ந்த பெரிய ஹோல் என்றால் நானே டவர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேள்வி: டவர் வாங்கியாயிற்று. எந்தப் பாட்டுப் போட்டாலும் ஊம் என்கிறது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது.
— வாசகர், முல்லைத்தீவு

பதில்: சுவரில் முட்டி நிற்கிறதா? இரண்டடி முன்னுக்கு இழுங்கள், மூலையை விட்டு விலக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பின்பக்கத் துளையில் ஸ்பொஞ்ச் வைத்து அடையுங்கள், சில ஸ்பீக்கர்களோடு அந்த அடைப்பே வரும். குளவி கூடு கட்டாமலிருக்கவும் உதவும். வயர் பூட்டுகிற இடத்தையும் இடைக்கிடை கழற்றித் துடையுங்கள், கடற்காற்றுக்குக் கறல் பிடிக்கும்.