ஏலகிரியும் ஜவ்வாது மலையும் ஒரே நாளிலா?

கேள்வி: காட்பாடியிலிருந்து எட்டுப் பேர் கிளம்புகிறோம். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. ஏலகிரி, ஜலகாம்பாறை, காவலூர், ஜமுனாமரத்தூர், அமிர்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் கைடோடு காட்டுவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏலகிரியும் ஜவ்வாது மலையும் வேறு வேறு மலைகள். காவலூர், ஜமுனாமரத்தூர், அமிர்தி மூன்றும் ஜவ்வாது மலைப் பக்கம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அதே வழியில் இறங்கி, ஆலங்காயம் போய், அங்கிருந்து காவலூருக்கு மறுபடியும் மலையேற வேண்டும். ஜலகாம்பாறை அருவிக்கு வண்டி போகிற பாதை திருப்பத்தூர்ப் பக்கம், அடிவாரத்தில். மழை இல்லாத மாதத்தில் போனால் வெறும் பாறையைத்தான் பார்ப்பீர்கள். அம்மா காலை முதல் இரவு வரை வேன் சீட்டிலேயே கிடப்பார்.

ஏலகிரி மட்டும் போதும். புங்கனூர் ஏரியில் படகு, பக்கத்துப் பூங்காவில் சமதள நடை. முழங்காலுக்கு அதற்கு மேல் வேண்டாம். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். காவலூர் வானாய்வகத் தொலைநோக்கியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு.

இனி முக்கியமான விஷயம், வண்டி. வெள்ளை போர்டு (நம்பர் பிளேட்) வண்டியை அனுப்பினால் ஏறவே ஏறாதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டவிரோதம். வளைவில் ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே சாக்காகிவிடும். "நம்ம மாமா வண்டி சார், பயப்படாதீங்க" என்பார்கள். மாமா வண்டிக்கு எதற்கு வாடகை? மஞ்சள் போர்டில் கருப்பு எழுத்து இருக்கிறதா பாருங்கள். மின்சார வண்டி என்றால் போர்டு பச்சையாக இருக்கும். அதில் எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி, வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி. பச்சையைப் பார்த்ததுமே சரி என்று ஏறிவிடுகிறார்கள். எழுத்தின் நிறத்தைப் பாருங்கள். பர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) இரண்டையும் காட்டச் சொல்லுங்கள்.

கைடு என்று டவுனில் ஏறுகிறவர் பெரும்பாலும் டிரைவரின் கூட்டாளி. கமிஷன் தருகிற ஓட்டலில் இறக்கிவிடுவதுதான் அவர் வேலை. ஏலகிரிக்குக் கைடே தேவையில்லை.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியிருக்க வேண்டியவர்கள் யார்? 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்தது. இன்று அமிர்தி வேலூரில், ஏலகிரியும் காவலூரும் திருப்பத்தூரில், ஜமுனாமரத்தூர் முன்பிருந்தே திருவண்ணாமலையில். புகார் சொல்லப் போனால் பக்கத்து மாவட்டத்தைக் கை காட்டுகிறார்கள். வேன் வாடகை இவ்வளவு என்று அடிவாரத்தில் ஒரு பலகை நட மூன்று கலெக்டர்கள் கூட வேண்டுமா?

முன்பணம் ஒரு சிறு தொகை போதும், அதற்கும் ரசீது வாங்குங்கள். கிலோமீட்டர் கணக்கு உங்கள் வாசலிலிருந்தா அவர்கள் ஷெட்டிலிருந்தா, டிரைவர் பேட்டா எவ்வளவு, பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக் கட்டணம் யார் தலையில் என்பதையும் அந்த ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.