படித்தவருக்கு அறளை பெயராதா?

ஞாபகமறதி பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற அதிபர், கணித ஆசிரியராக இருந்தவர். வயது 74. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஒரே லைட் பில்லை இரண்டு தரம் கட்டிவிட்டார். டொக்டர் வைத்த ஞாபகப் பரிசோதனையில் 30க்கு 28 எடுத்தார். "படிச்ச மனுசனுக்கு அறளை பெயராது" என்கிறார் பெரியப்பா. நம்பலாமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: நம்பிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அறளைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது அல்சைமர் நோய். படிப்பு அதை விரட்டுவதில்லை. அது வெளியே தெரியவரும் காலத்தைத் தள்ளிப்போடுகிறது. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்து இறந்த 137 பேரின் மூளையை ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் நிபுணர் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர் 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 10 பேரின் மூளையில் நோய்க்குரிய புரதப் படிவுகள் தாராளமாக இருந்தன. ஆனால் உயிரோடிருந்தபோது அவர்களுடைய புத்தி தெளிவாகவே இருந்தது. அவர்களின் மூளை எடையும் பெரிய நரம்புக்கலங்களின் எண்ணிக்கையும் கூடுதல். படிப்பும் மூளைக்கு வேலை வைக்கும் தொழிலும் சேர்த்துத் தரும் இந்தக் கையிருப்பால், பழுது நடந்தாலும் ஆள் சமாளித்துக்கொள்கிறார்.

ஆபத்தும் அங்கேதான். மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே படிவுகள் சேரத் தொடங்கும். கையிருப்பு தீர்ந்தபின் சரிவு வேகமாக நடக்கும். "ஆறு மாசத்தில ஆள் மாறிப்போனார்" என்று வீட்டார் திகைப்பது அதனால்தான்.

28 புள்ளி உங்கள் அப்பாவுக்கு நற்சான்று அல்ல. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது கணித ஆசிரியருக்கு ஒரு வேலையா? போன இரண்டு புள்ளிகள் எங்கே போயின என்று கேளுங்கள். சற்று முன் சொன்ன மூன்று சொற்களில் இரண்டை அவர் மறந்திருந்தால் அது கவனிக்கவேண்டிய அடையாளம். 1964 சூறாவளியை நேற்று நடந்ததுபோல் சொல்பவர், காலையில் மகளோடு ஃபோனில் பேசியதை மறப்பது இந்த நோயின் போக்கு. புதிய ஞாபகங்களைப் பதியும் பகுதிதான் முதலில் பழுதாகிறது. அவரை மற்றவர்களோடு ஒப்பிடாமல், ஐந்து வருடத்துக்கு முன்பிருந்த அவரோடு ஒப்பிடுங்கள். பில், மருந்து, வழி, பேச்சு என்று எது தவறினாலும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, நரம்பியல் நிபுணரிடம் கொண்டுபோங்கள். விரிவான ஞாபகப் பரிசோதனை தேவை என்றும் கேளுங்கள்.

கேள்வி: உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவ, வயது 68. அதே பரிசோதனையில் 17தான் எடுத்தா. படிக்காததால் வந்த வருத்தமா?
- வாசகர், கிண்ணியா

பதில்: 17 என்றவுடன் முடிவுகட்டாதீர்கள். வசனம் எழுது, வாசித்துச் செய், படத்தைப் பார்த்து வரை என்ற இடங்களில் பள்ளிக்கூடம் காணாதவர் நோயே இல்லாமலும் புள்ளி இழப்பார். கறிக்கு உப்பு சரியாகப் போடுகிறாவா, கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்குகிறாவா, போன இடத்திலிருந்து தனியே திரும்புகிறாவா என்பதே கூடுதல் தெளிவு தரும். சந்தையில் தமிழும் சிங்களமும் மாறி மாறிப் பேசுபவரா? ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோருக்கு மறதிநோய் ஏறக்குறைய நாலரை வருடம் பிந்தி வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இப்படிப் பிந்தி வருவது தெரிந்தது.

மறதிக்கு வேறு காரணம் உண்டா என்று அறிய, தைரொயிட், விட்டமின் பி12 இரண்டையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சீனி வருத்தத்துக்கு நெடுநாள் மெட்போர்மின் குடிப்பவருக்கு பி12 குறையலாம், அதைத் திருத்தலாம். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்றும் பார்ப்பிக்கவும். கேள்வியே காதில் விழாதவர் பதில் சொல்லமாட்டார்.

கேள்வி: அம்மாவுக்கு 79 வயதில் அல்சைமர் நோய் வந்தது. கனடாவில் இருக்கும் அக்கா உமிழ்நீரில் பரம்பரையலகுப் பரிசோதனை செய்தா, ஈ4 ஒன்று இருக்கிறதாம். நானும் செய்யட்டுமா?
- வாசகி, நிலாவெளி

பதில்: ஏ.பி.ஓ.ஈ என்ற பரம்பரையலகு 19ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஈ2, ஈ3, ஈ4 என மூன்று வகை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வரும். ஒரு ஈ4 இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்கு. இரண்டும் ஈ4 என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு வரை. இவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடம் எடுத்த கணக்குகள். ஈ4 உள்ள பலர் நோயே காணாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். ஈ4 இல்லாமலும் பலருக்கு நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் ஒரு ஈ4 இருந்திருந்தால், அது உங்களுக்கு வந்திருக்க 50 வீத வாய்ப்பு.

எங்கள் கருத்து: இப்போது வேண்டாம். முடிவு எதுவானாலும் செய்யவேண்டியது மாறாது. மூளையில் சேர்ந்த படிவுகளைக் குறைக்கும் லெக்கனெமாப் போன்ற மருந்து தொடங்குவோருக்குத்தான் அந்தப் பரிசோதனை அவசியமாகிறது. இரண்டு ஈ4 உள்ளவர்களுக்கு அம்மருந்தால் மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் வரும் ஆபத்து கூட. காசை காது பரிசோதனைக்குச் செலவழியுங்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதிநோய்க்கு வழிவிடும், நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் காது கேளாமையும் கெட்ட கொலஸ்ட்ரோலும்தான் மிகப் பெரியவை, மொத்த மறதிநோயில் தலா 7 வீதம் அவற்றின் பங்கு. குறைந்த கல்வி 5 வீதம். நாற்பது வயதிலிருந்தே பிரஷரின் மேல் எண்ணை 130 அளவில் அல்லது அதற்குக் கீழே வைத்திருங்கள்.

ஒரு விலக்கு உண்டு. 65 வயதுக்கு முன்பே, தலைமுறைக்குத் தலைமுறை இந்த நோய் வந்த குடும்பங்களில் ஏ.பி.பி, பிரசெனிலின் 1, பிரசெனிலின் 2 என்ற மூன்று பரம்பரையலகுகளில் ஒன்று பழுதாயிருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 வீதம். மொத்த நோயாளிகளில் இவர்கள் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. உங்கள் அம்மாவுக்கு 79இல் வந்தது இந்த வகையல்ல. அப்படிப்பட்ட குடும்பத்தவர் யாராவது இதை வாசித்தால், உமிழ்நீர்ப் பெட்டி வாங்குவதற்கு முன் பரம்பரை நோய் ஆலோசனை கொடுக்கும் மருத்துவரைச் சந்தியுங்கள்.