வீட்டோடு அறை சேர்க்கும் முன் மண்ணைக் கேளுங்கள்: இரண்டு நாள் கேள்வி பதில்

மண் பரிசோதனைதான் என் வேலை. இருக்கிற வீட்டை நீட்டிக் கட்டுகிறவர்கள் இரண்டு நாளைக்குக் கேட்கலாம்.

கேள்வி: பின்பக்கம் ஓர் அறை சேர்க்கிறேன். பழைய வீட்டில் இருபது வருடமாக ஒரு விரிசல் இல்லை. அப்புறம் எதற்கு மண் பரிசோதனை?

பதில்: பழைய வீடு அமுங்க வேண்டியதெல்லாம் அமுங்கி முடித்துவிட்டது. புது அறை இனிமேல்தான் அமுங்கத் தொடங்கும். மணலில் அது பெரும்பாலும் கட்டும்போதே முடிந்துவிடும். ஈரக் களிமண்ணில் இடுக்குகளில் இருக்கும் நீர் மெல்ல வெளியேற வேண்டும், வருடக்கணக்கில் ஆகும். அசையாத ஒன்றையும் அசைகிற ஒன்றையும் கம்பி போட்டு இறுக்கினால், சேர்கிற இடத்தில்தான் பிளக்கும்.

இத்தாலியின் சாய்ந்த பைசா கோபுரத்தை 1173ல் கட்டத் தொடங்கினார்கள். சில அடுக்குகள் எழும்பியதும் வேலை ஏறக்குறைய நூறு வருடம் நின்றுபோனது. அந்த இடைவெளியில் கீழே களிமண் இறுகியிராவிட்டால் கோபுரம் அன்றே விழுந்திருக்கும். உங்கள் அறைக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது.

செய்ய வேண்டியது இரண்டு. முதலில் பழைய சுவரை ஒட்டிச் சின்னதாக ஒரு குழி வெட்டி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அதன் அடிமட்டம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குக் கீழே ஒரு சாண்கூடத் தோண்டக் கூடாது. அடுத்து, புது அறை வரும் இடத்தில் சுவரை விட்டு விலகித் துளை போடுங்கள். ஃபுட்டிங்கின், அதாவது அஸ்திவாரத்தின் அகன்ற அடிப்பகுதியின், பாரம் அதன் அகலத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழம்வரை மண்ணை அழுத்தும். ஐந்தடி அகல ஃபுட்டிங் என்றால் அதற்குக் கீழே பத்தடி. மூன்றடிக் குழியைப் பார்த்துவிட்டு முடிவு எடுக்க முடியாது.

கேள்வி: கொத்தனார் கடப்பாரையால் குத்திப் பார்த்து, கெட்டி மண் என்றார். போதாதா?

பதில்: கோடையில் கரிசலும் கெட்டிதான். மழையில் ஊதி, வெயிலில் சுருங்கும் மண்ணைக் கடப்பாரை காட்டிக்கொடுக்காது. உலர்த்திச் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுச் சாடிகளில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கி ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. தண்ணீர்ச் சாடியில் அதைவிடப் பாதிப் பங்குக்கு மேல் உயர்ந்திருந்தால், சாதாரண அஸ்திவாரத்தை மறந்துவிட்டுப் பொறியாளரைப் பாருங்கள்.

கேள்வி: மண் பரிசோதனை அறிக்கையில் ‘N மதிப்பு 8’ என்று இருக்கிறது. நல்லதா கெட்டதா?

பதில்: 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு ஒரு குழாயை 45 செ.மீ. இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. மீதி 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளே அந்த எண். மணலில் 8 என்றால் தளர்ந்த மண். களிமண்ணில் நடுத்தரம். எந்த மண் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்டால் நான் என்ன சொல்ல?

கேள்வி: எங்கள் வீட்டிலும் விரிசலே இல்லை...

பதில்: முதல் பதில்.

கேள்வி: மாடியில் அறை எடுக்க எத்தனை எம்எம் கம்பி?

பதில்: கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். நான் தரைக்குக் கீழே மட்டும்.

கேள்வி: எங்கள் போர்வெல்லில் 200 அடியில்தான் தண்ணீர். நிலத்தடி நீர் பற்றி எனக்கென்ன கவலை?

பதில்: இரண்டும் வேறு தண்ணீர். நீர் இறங்காத களிமண் அடுக்கின்மேல் மழைநீர் ஐந்தாறு அடியிலேயே தேங்கி நிற்கலாம். உங்கள் அஸ்திவாரத்துக்குச் சம்பந்தம் அதோடுதான். மணலில் நீர்மட்டம் ஃபுட்டிங்வரை ஏறினால் தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அதே நண்பர்: 200 அடி போட்டவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

பதில்: அவர் தேடியது மோட்டாருக்குத் தண்ணீர். மேலே கேசிங் குழாய் இறக்கி மேல்மண்ணையும் மேல்நீரையும் அடைத்துவிட்டுத்தான் கீழே போயிருப்பார்.

அதே நண்பர்: சரி, இப்போதே ஆறடி வெட்டிப் பார்த்தேன். காய்ந்து கிடக்கிறது.

பதில்: வெட்டி எவ்வளவு நேரம் ஆயிற்று? அரை மணி நேரம் என்றால் அது பதிலே இல்லை. களிமண்ணில் நீர் ஊறிவர நாள்கணக்கில் ஆகும். ஓட்டை போட்ட குழாயை நிறுத்தி, சுற்றிலும் சரளை கொட்டி, மேல்வாயை மூடுங்கள். சில நாள் அளந்து, மழைக்காலத்திலும் அளங்கள். அதுவரை குழியின் பக்கச்சுவரைப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணில் துருப்பிடித்தாற்போல் ஆரஞ்சுத் திட்டுகள் இருந்தால், வருடத்தில் சில காலம் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. மேலிருந்தே பாருங்கள். முட்டுக் கொடுக்காத ஆறடிக் குழிக்குள் இறங்காதீர்கள். பழைய அஸ்திவாரத்தை ஒட்டி வெட்டவில்லையே?

அதே நண்பர்: இல்லை, தள்ளித்தான். திட்டுகள் நாலடியில் இருக்கின்றன. அது பழைய துரு ஏதாவது இருக்கும்.

கேள்வி: சுவரோரம் பெரிய மரம். வெட்டிவிட்டுக் கட்டலாமா?

பதில்: களிமண் என்றால் அவசரப்படாதீர்கள். மரம் உறிஞ்சிய ஈரம் திரும்பி வந்து மண் ஊதும், தரை தூக்கும்.

கேள்வி: முப்பது வருட வீடு, ஒரு விரிசல்கூட...

பதில்: மூன்றாவது தடவை. முதல் பதில்!

போர்வெல் நண்பர்: ஒப்புக்கொள்கிறேன். இன்று காலை குழியில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது.

பதில்: இரவு மழையா? குழியை மூடினீர்களா?

போர்வெல் நண்பர்: நல்ல மழை. மூடவில்லை.

பதில்: அப்படியானால் நீங்கள் அளந்தது மழையை. இறைத்துக் கொட்டிவிட்டு, நான் சொன்ன குழாயை வைத்து மூடுங்கள். வென்றது நீங்களா நானா என்று அடுத்த வாரம் பார்க்கலாம்.