ஒரே கொட்டகை, ஒரே தீவனம்: ஒரு மாட்டுக்கு மட்டும் ஏன் அடிக்கடி மடிநோய்?

கேள்வி: எங்கள் கறவை மாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம்தான், கறப்பதும் ஒரே ஆள்தான். ஆனாலும் ஒரு மாட்டுக்கு மட்டும் ஈற்றுக்கு ஈற்று மடிநோய் வருகிறது. அதன் தாய்க்கும் இப்படித்தான் இருந்தது. இது பரம்பரையாக வருமா? அதன் கிடேரிக் கன்றை வளர்க்கலாமா?

பதில்: உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. மடிநோய் கிருமியால் வருவதுதான். ஆனால் உள்ளே நுழைந்த கிருமியை உடல் எவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டு விரட்டுகிறது என்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு.

காம்புத் துளை வழியாகக் கிருமி மடிக்குள் வந்ததும், அங்குள்ள செல்களின் டிஎல்ஆர் என்ற ஏற்பிகள் (கிருமியை அடையாளம் காணும் புரதங்கள்) அதை உணர்கின்றன. ஈ.கோலை என்ற கிருமியின் மேலுறையை உணர்வது டிஎல்ஆர்-4. ஸ்டெபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளுக்கு டிஎல்ஆர்-2 முக்கியம். உடனே செய்தி பறந்து, ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் மடிக்குள் வந்து கிருமியை விழுங்கும். சில மணி நேரம் தாமதமானாலே கிருமி பல மடங்கு பெருகிவிடும். வெள்ளையணுக்களில் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் சிஎக்ஸ்சிஆர்-1 ஏற்பியின் மரபணு மாட்டுக்கு மாடு சற்றே வேறுபடுகிறது. அதில் சில வடிவங்கள் உள்ள மாடுகளில் வெள்ளையணுக்கள் மந்தமாக நகர்வதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம், 23-ஆம் குரோமோசோமில் போலா என்ற மரபணுத் தொகுதி இருக்கிறது. கிருமியின் துண்டுகளை எதிர்ப்பு செல்களுக்கு எடுத்துக் காட்டும் புரதங்கள் இதிலிருந்துதான் உருவாகின்றன. தாய்வழி ஒரு வடிவம், தந்தைவழி வேறு வடிவம் என்று வந்தால் கூடுதல் வகைத் துண்டுகளைக் காட்ட முடியும். நெருங்கிய உறவுக் காளையைச் சேர்க்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் 'மடிநோய் மரபணு' என்று தனியாக ஒன்று கிடையாது. பல மரபணுக்கள் சேர்ந்தாலும், மாட்டுக்கு மாடு மடிநோயில் தெரியும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு பொதுவாக 10 சதவீதத்துக்கும் கீழேதான். அதனால் வம்சத்தைக் குறை சொல்லும் முன் ஒன்றைப் பாருங்கள்: ஒவ்வொரு முறையும் அதே காம்பில்தான் வருகிறதா? அப்படியானால் அது புது நோயாக இல்லாமல், முழுதாகக் குணமாகாத பழைய தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் பதுங்கிக்கொண்டு, ஊசி போட்டதும் அடங்கி, பிறகு தலைகாட்டும். நான்கு காம்பின் பாலையும் தனித்தனியாகத் தட்டில் கறந்து மடிநோய்ச் சோதனைக் கரைசலை விடுங்கள். வெள்ளையணுக்கள் அதிகமுள்ள பால் கொழகொழவென்று கெட்டியாகும். கெட்டியான காம்பின் பாலைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்து, வற்றவிடும்போது என்ன மருந்து ஏற்றுவது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் காம்புகளைக் கிருமிநாசினியில் முக்கி, அரை மணி நேரமாவது படுக்கவிடாமல் தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட அவ்வளவு நேரமாவது ஆகும்.

கிடேரியை விற்க வேண்டாம். அதற்குப் பாதி மரபணு தந்தையிடமிருந்து வந்தது. ஆனால் நோயுள்ள பாலை அதற்கு ஊட்டாதீர்கள். சினை ஊசி போடும்போது, மகள்களின் பாலில் உடற்செல் எண்ணிக்கை (பெரும்பாலும் வெள்ளையணுக்களின் அளவு) குறைவாக உள்ள காளையைக் கேளுங்கள். நார்வேயில் 1978 முதலே மடிநோயையும் கணக்கில் எடுத்துத்தான் காளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிடேரிக்கு முதல் இரண்டு ஈற்றிலும் வெவ்வேறு காம்புகளில் நோய் வந்தால், அப்போது அதன் கன்றுகளை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.