பஜனை மண்டலிக்குள் வெளியாரின் சுயமுன்னேற்றப் பயிற்சியை அனுமதிக்கலாமா?

வெளி அமைப்பு ஒன்று நடத்தும் சுயமுன்னேற்றப் பயிற்சிக்கு உறுப்பினர் எல்லோரும் போக வேண்டும் என்று உங்கள் பஜனை மண்டலியில் வற்புறுத்துவதாகவும், இதை ஏற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாரந்தோறும் பார்க்கும் முகங்கள் என்பதால் நேரே மறுக்கவும் உங்களுக்குத் தயக்கமாக இருக்கும். விருப்பமுள்ளவர் தம் பணத்தில் தாராளமாகப் போகட்டும். ஆனால், மண்டலி தன் பெயரையும் கூடத்தையும் அதற்குத் தரக் கூடாது என்பதே என் பதில்.

வெளியிலிருந்து வருவதெல்லாம் ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெயதேவரின் வடமொழி அஷ்டபதியும், பத்ராசல ராமதாசரின் தெலுங்குக் கீர்த்தனையும், புரந்தரதாசரின் கன்னடப் பதமும், துக்காராமின் மராத்தி அபங்கமும் ஒரே கூடத்தில் ஒலிப்பதுதான் நம் சம்பிரதாய பஜனை. அவை யாவும் பகவானைப் பாட வந்தவை. பயிற்சி வகுப்போ என்னை நானே திருத்திக்கொள்வதற்கானது. அது தவறில்லை, ஆனால் அதற்கு இடம் வேறு.

மும்பை மாட்டுங்காவில் நான் பாடிவரும் மண்டலியில் நடந்ததைச் சொல்கிறேன். நிர்வாகத்தில் இருந்த ஒருவர் அத்தகைய பயிற்சிக்குப் போய் வந்தார். உண்மையிலேயே அவருடைய கோபம் தணிந்திருந்தது. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு ஏகாதசி பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும் மேசையிலேயே பதிவுப் படிவங்களும் வைக்கப்பட்டன. தொன்னையை வாங்கக் கை நீட்டிய வயதான மாமிகளிடம், “நீங்களும் ரெண்டு பேரைக் கூட்டிண்டு வாங்கோ” என்று சொல்லப்பட்டது. பெயர் கொடுக்காதவர்களுக்கு மாற்றத்தைக் கண்டு பயம் என்று பேச்சு எழுந்தது. பஜனையின் ஒரு பகுதியான திவ்யநாமத்தில் குத்துவிளக்கை நடுவில் வைத்துச் சுற்றி வந்து பாடுவோம் அல்லவா, அந்த விளக்கைச் சுற்றியே ஒருநாள் நாற்காலிகளைப் போட்டு, அவரவர் மனக்காயத்தைச் சொல்லச் சொன்னார்கள். புதிதாக வந்திருந்த இளம் மருமகள் ஒருத்தி, மாமியார் எதிரிலேயே, தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி அழுதுவிட்டாள். அடுத்து என்ன செய்வது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் அதன் பிறகு பஜனைக்கு வரவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

இந்த முறை ஒன்றும் புதிதல்ல. 1971இல் அமெரிக்காவில் வெர்னர் எர்ஹார்ட் தொடங்கிய ‘எஸ்ட்’ பயிற்சியிலேயே, கட்டணம் கட்டியவர்கள் பெரிய அரங்கில் நாள் முழுவதும் அமர்ந்து, முன்பின் தெரியாதவர்கள் நடுவே ஒலிவாங்கியில் சொந்த வாழ்க்கையைச் சொல்வதும், பயிற்சி முடித்தவர்கள் தெரிந்தவர்களை அழைத்து வருவதும் வழக்கமாக இருந்தன. பலருக்கு அதனால் நன்மை கிடைத்திருக்கலாம். ஆனால் அங்கே போகிறவர் தெரிந்தே போகிறார். பஜனைக்கு வருகிறவர் நாமம் சொல்ல மட்டுமே வருகிறார். நம்மை நம்பி வந்து உட்கார்ந்தவரின் அந்த நம்பிக்கையை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

எல்லா வெளிப் பயிற்சிகளையும் ஒரே தட்டில் வைப்பதும் நியாயமாகாது. எஸ்.என். கோயங்கா வழியிலான பத்து நாள் விபாசனா தியானப் பயிற்சிக்கு மகாராஷ்டிரத்தில் உள்ள இகத்புரி போக எங்களில் சிலர் விரும்பினார்கள். அங்கே கட்டணம் இல்லை. அந்தப் பத்து நாளும் ஜபம், பூஜை எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பதையும் சேருவதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். நித்திய ஜபத்தை விட மனமில்லாத ஒருவர் போகவில்லை, மற்றொருவர் போனார். இருவருக்கும் மண்டலியில் மதிப்பு குறையவில்லை. முன்கூட்டியே தெரிந்ததால் அவரவரே முடிவெடுக்க முடிந்தது.

சண்டையைப் பேசித் தீர்க்கவும், கணக்கை ஒழுங்காக எழுதவும் நம் மண்டலிகளுக்குத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன். அதற்குத் தெரிந்தவரை அழைத்து, பஜனை இல்லாத ஒரு நாளில், வேறு இடத்தில் கற்றுக்கொள்ளலாம். நீங்கள் நிர்வாகக் குழுவிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: கட்டணம் எவ்வளவு, ஆள் சேர்ப்பவருக்கு ஏதேனும் சலுகை உண்டா, வர மறுப்பவர் வழக்கம்போல் முன்வரிசையில் பாடலாமா. உறுப்பினர்களின் தொலைபேசி எண் பட்டியல் ஏற்கெனவே அந்த அமைப்பின் கைக்குப் போயிருக்கிறதா என்பதை இவற்றுக்கெல்லாம் முன்னால் கேளுங்கள்.